பழைய கணிப்பொறியைக் கைமாற்றும் முன்...



மாதந்தோறும் இப்பக்கத்தில் உங்களுக்கு யோசனை கூறிவரும் நான், இம்மாதம் என் இல்லத்தில் நானே செய்த தவறு ஒன்றைக் கூறித் தொடங்க வேண்டியவனாக இருக்கிறேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இதே தவறு நாளையோ மறுநாளோ உங்கள் இல்லத்திலும் நேரக்கூடும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையம். கல்வராயன் மலையின் அடிவாரம். கோமுகி அணையும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இல்லாதிருந்தால் வெளியூரார் பலருக்கு இவ்வூரின் பெயரே தெரிந்திருக்க நியாயமில்லை. கணிப்பொறி பழுதானால் நாங்கள் கள்ளக்குறிச்சிக்குத்தான் பேருந்து ஏற வேண்டும். சென்ற ஆண்டு என் மகளின் லேப்டாப் பழுதாயிற்று. விசைப்பலகை வேலை செய்யவில்லை, திரையும் கறுத்துவிட்டது. சரி செய்யும் செலவு, புதியது வாங்கும் விலையில் பாதியை எட்டும் என்றார்கள். ஆகவே அதனுள்ளிருந்த எஸ்.எஸ்.டி.யை மட்டும் கழற்றி, யு.எஸ்.பி. உறை ஒன்றில் பொருத்தி, வேண்டியவற்றையெல்லாம் என் கணிப்பொறியில் பிரதி எடுத்துக்கொண்டேன். பின்னர் 'ஃபார்மட்' கொடுத்தேன். சில விநாடிகளில் முடிந்துவிட்டது. திறந்து பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை. மனநிறைவோடு அதனைக் கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் விற்றுவிட்டு, கிடைத்த தொகையில் பேரனுக்கு ஒரு ஜோடிச் செருப்பும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

பத்து நாட்கள் கழிந்திருக்கும். கடைக்காரத் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "பாய், கொஞ்சம் நேரில் வர முடியுங்களா? போன்ல சொல்ற விஷயம் இல்லைங்க" என்றார். போனேன். வேலைக்காரப் பையனைத் தேநீர் வாங்கி வர அனுப்பிவிட்டு, கணிப்பொறித் திரையை என் பக்கம் திருப்பினார். தாம் எழுந்து தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

திரையில் என் மகளின் நிக்காஹுக்கு முந்தைய மருதாணி இரவு! வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் எடுத்துக்கொண்ட படங்கள். அவற்றின் கீழே மருமகனின் பாஸ்போர்ட், அவருடைய சவூதி இக்காமா, என் மனைவியின் மருத்துவ அறிக்கைகள், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கம்... நான் அழித்துவிட்டதாக எண்ணிய அனைத்தும் பொடிப் பொடிப் படங்களாக வரிசை கட்டி நின்றன.

"வேற ஒருத்தரோட அழிஞ்ச ஃபைல்களை மீட்க ஒரு சாஃப்ட்வேரைச் சோதிச்சுப் பார்த்தேன் பாய். கைக்குக் கிடைச்சது உங்க எஸ்.எஸ்.டி. இது வரவும் நிறுத்திட்டேன். ஒண்ணையும் பெரிசாக்கிப் பார்க்கல" என்றார். அவர் சொல்லை நான் நம்புகிறேன். பார்க்க நினைப்பவர் என்னை அழைத்திருக்க மாட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து எஸ்.எஸ்.டி.யை வாங்கி வந்தேன். இதனை என் மனைவியிடம் சொல்ல இரண்டு நாட்கள் ஆயின. மகளிடம் இன்னும் சொல்லவில்லை. இவ்விதழைப் படித்துத்தான் அறியப் போகிறாள்.

கணக்குப்பிள்ளையின் வழக்கம்

எங்கே பிசகினேன் என்பதனை அறிய, எஸ்.எஸ்.டி. எவ்வாறு எழுதுகிறது என்பதனைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும். கலைச்சொற்களைக் கண்டு அஞ்சிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க், பள்ளிப்பிள்ளையின் சிலேட்டைப் போன்றது. அதில் ஒரு காந்தத் தட்டு சுழல்கிறது. எந்த இடத்தில் எழுதச் சொல்கிறோமோ அந்த இடத்திலேயே எழுதுகிறது. ஆகவே பழைய எழுத்தின் மேல் புதிதாக எழுதினால் பழையது போயிற்று. 1996-ஆம் ஆண்டில் பீட்டர் குட்மன் என்னும் கணிப்பொறி அறிஞர் 35 முறை மேலெழுதும் முறை ஒன்றை வகுத்தார். அக்காலத்துப் பலவகை ஹார்ட் டிஸ்க்குகளையெல்லாம் மனத்திற்கொண்டு வகுத்தது அது. பிற்கால ஹார்ட் டிஸ்க்குகளுக்கு அத்தனை முறை தேவையில்லை. முழுவதையும் ஒருமுறை மேலெழுதினாலே பொதுவாகப் போதும். ஆனால் '35 முறை' என்ற எண் மட்டும் மந்திரம் போல் இன்றளவும் கடைகளில் உலவுகிறது.

எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, சுழற்சியும் இல்லை. 'ஃப்ளாஷ்' எனப்படும் சிலிக்கான் சில்லுகள்தாம் உள்ளன. சில்லிலுள்ள கோடானுகோடி நுண்ணறைகளில் மின்னேற்றத்தைச் சிறைப்படுத்தி வைப்பதே அங்கு எழுத்து. மின்சாரம் நின்ற பின்னும் அச்சிறை ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். இதனைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனப் பொறியாளர் ஃபூஜியோ மசுவோக்கா. 1984-ஆம் ஆண்டில் இதனை உலகிற்கு அறிவித்தார். 'ஃப்ளாஷ்' என்னும் பெயர் வந்த கதையைக் கேளுங்கள்: ஒரு பெரும் பகுதி முழுவதையும் ஒரே வீச்சில் அழிக்கும் அதன் இயல்பு, புகைப்படக் கருவியின் மின்வெட்டு ஒளியை நினைவூட்டியதாம். அழிக்கும் விதத்தாலேயே பெயர் பெற்ற பொருள் இது. நம் சங்கடமும் அங்கேதான் இருக்கிறது.

அரிசி மண்டியில் ஒரு கணக்குப்பிள்ளை இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவரிடம் ஒரு விசித்திர வழக்கம். எழுதிய தாளில் அவர் ஒருபோதும் திருத்தி எழுத மாட்டார். "ஐந்தாம் தாளை மாற்றி எழுதும்" என்றால், வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து அதில் எழுதி, "இனி இதுவே ஐந்தாம் தாள்" என்று அட்டவணையில் குறித்துக்கொள்வார். பழைய ஐந்தாம் தாளைப் பரணில் போட்டுவிடுவார். தனித்தாளை எரிக்கவும் அவருக்குத் தெரியாது. நூற்றுக்கணக்கான தாள்கள் கொண்ட முழுக்கட்டாகத்தான் எரிப்பார். அதுவும் அவருக்கு ஓய்வு கிடைக்கும்போதுதான். "ஐந்தாம் தாளைக் காட்டும்" என்று எத்தனை முறை கேட்டாலும் புதிய தாளைத்தான் காட்டுவார். பரணில் கிடப்பதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

எஸ்.எஸ்.டி.யின் உள்ளே இருக்கும் 'கன்ட்ரோலர்' எனும் சில்லுதான் இந்தக் கணக்குப்பிள்ளை. அவர் பிடிவாதத்திற்கும் காரணம் உண்டு. ஃப்ளாஷில் எழுதப்பட்ட பக்கத்தை அழிக்காமல் அதன்மேல் மீண்டும் எழுத இயலாது. அழிப்பதோ கட்டுக் கட்டாகத்தான் முடியும். ஒவ்வொரு அழிப்பிலும் அறைகள் சிறிது தேய்கின்றன. வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி.க்களில் பலவற்றின் அறைகள் ஏறக்குறைய ஆயிரம் முதல் மூவாயிரம் அழிப்புகளையே தாங்கும். ஒரே இடம் தேய்ந்து போகாதிருக்க வேலையை எல்லா அறைகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். இதற்காகவே நமக்குக் கணக்கில் காட்டும் கொள்ளளவைவிடக் கூடுதலான இடம் உள்ளே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பொதுவாக ஏழு விழுக்காட்டளவேனும் இருக்கும். அதுதான் பரண். நம் கண்ணுக்கும் தெரியாது, நம் கணிப்பொறிக்கும் தெரியாது.

நான் கொடுத்த 'ஃபார்மட்' செய்தது என்ன? அட்டவணையைத்தான் கிழித்தது. தாள்கள் இருந்த இடத்தில் இருந்தன. விண்டோஸ் 7 வெளிவந்த 2009-ஆம் ஆண்டு முதல் இதற்கு ஒரு பரிகாரம் உண்டு என்பதும் உண்மையே. 'இன்னின்ன தாள்கள் இனி வேண்டியதில்லை' என்று கணிப்பொறி கணக்குப்பிள்ளைக்குச் சீட்டு அனுப்பும். 'டிரிம்' என்பது அச்சீட்டின் பெயர். லேப்டாப்பினுள்ளேயே எஸ்.எஸ்.டி. இருந்திருந்தால் சீட்டு போய்ச் சேர்ந்திருக்கும். கடைக்காரத் தம்பியின் மென்பொருளுக்கு அநேகமாக ஒன்றும் அகப்பட்டிராது. ஆனால் விலை மலிவான யு.எஸ்.பி. உறைகள் பலவும் இச்சீட்டைக் கடத்துவதில்லை. நான் வாங்கியது அந்த ரகம். பென்டிரைவிலும் கேமரா அட்டையிலும் பெரும்பாலும் இதே நிலைமைதான். நிக்காஹ் வீட்டில் புகைப்படக்காரர் பயன்படுத்தும் அட்டை அடுத்த மாதம் வேறொருவர் கைக்குப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சீட்டு போய்ச் சேர்ந்தால் கவலை தீர்ந்ததா? சாமானிய மென்பொருளுக்குத் தீர்ந்தது. ஆயினும் கட்டை எரிக்கும் நேரம் கணக்குப்பிள்ளையின் விருப்பம். அதுவரை, சில்லுகளையே கழற்றி நேரடியாகப் படிக்கும் ஆய்வகத்தார்க்கு அது எட்டும் பொருளே.

ஆய்வாளர்கள் கண்டது

இது கற்பனை அச்சமன்று. அமெரிக்காவின் சான்டியாகோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வெய், ஸ்டீவன் ஸ்வான்சன் முதலான நால்வர் இதனைச் சோதித்து 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எஸ்.எஸ்.டி.க்களில் அழித்துவிட்டு, பின் சில்லுகளைத் தனியே படித்துப் பார்த்தனர். ஒரு கோப்பை மட்டும் குறிவைத்து 'பாதுகாப்பாக' அழிப்பதாகக் கூறும் மென்பொருள்கள் அனைத்தும் தோற்றன. கோப்பின் உள்ளடக்கத்தில் 4 முதல் 75 விழுக்காடு வரை சில்லுகளில் மிச்சம் இருந்தது! எஸ்.எஸ்.டி. முழுவதையும் இருமுறை மேலெழுதினால் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது; ஆனால் எப்போதுமல்ல. ஒன்றில் 20 முறை மேலெழுதிய பின்னும் ஏறத்தாழ ஒரு விழுக்காடு எஞ்சியிருந்தது. பெரிய காந்தக் கருவிக்குள் வைத்தும் பார்த்தார்கள். காந்தத்தால் ஹார்ட் டிஸ்க் அழியும். ஃப்ளாஷுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

எஸ்.எஸ்.டி.க்குள்ளேயே 'எல்லாவற்றையும் அழி' என்னும் கட்டளை ஒன்று உண்டு. 'செக்யூர் எரேஸ்' என்பார்கள். கணக்குப்பிள்ளையிடமே, பரணையும் சேர்த்துக் கொளுத்து என்று உத்தரவிடுவது போன்றது. சொல்லக் கேட்டால் இதுவே சரியான வழி. ஆனால் மேற்படி ஆய்வில் எடுத்துக்கொண்ட 12 எஸ்.எஸ்.டி.க்களில் 8 இக்கட்டளையை அறிந்திருப்பதாகக் கூறின. அவற்றுள் நான்குதான் அதனை நம்பத்தக்க விதத்தில் நிறைவேற்றின. ஒன்று 'முடிந்தது' என்று பதில் சொல்லிவிட்டுத் தகவல்கள் அனைத்தையும் அப்படியே வைத்திருந்தது. பொய் சொல்லும் கணக்குப்பிள்ளை! அதன் பிறகு இத்தொழில் வெகுவாகத் திருந்தியிருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் உங்கள் கையில் இருப்பது திருந்தியதா திருந்தாததா என்று வீட்டில் அமர்ந்து நீங்கள் சோதிக்க முடியாது.

ஆகவே வாசகர்களே, நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது இதுதான்: எஸ்.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, விற்கும் நாளில் அழிக்கலாம் என்று காத்திருப்பவர் பிந்திவிட்டார். வாங்கிய நாளிலேயே பூட்ட வேண்டும்.

பூட்டு என்பது

பூட்டுதல் என்று நான் சொல்வது லேப்டாப் திறக்கும்போது கேட்கும் கடவுச்சொல்லை அன்று. அது வாசற்கதவு மட்டுமே. எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வேறு கணிப்பொறியில் மாட்டினால் அக்கதவுக்கு வேலையில்லை. நான் சொல்வது, எழுதுகிற ஒவ்வொரு எழுத்தையும் சங்கேத எழுத்தாக மாற்றியே எழுதும் ஏற்பாடு. அதற்கு ஒரு சாவி உண்டு. சாவி இருக்கும்வரை உங்களுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. சாவியை அழித்துவிட்டால் தாள்களும் பரணும் எல்லாமே ஒரே நேரத்தில் பொருளற்ற கிறுக்கல்களாகிவிடும். பரணில் எத்தனை தாள்கள் கிடந்தால் என்ன? படிப்பதற்கு மொழி இல்லையே!

விண்டோஸில் இதற்கு 'பிட்லாக்கர்' என்று பெயர். சாதாரண ஹோம் பதிப்பில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்றிருக்கும். ஆப்பிளில் 'ஃபைல்வால்ட்', லினக்ஸில் 'லக்ஸ்'. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு புதிதாக நிறுவப்பட்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாக நுழையும்போது இப்பூட்டு பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடுகிறது. உங்களுடையதில் விழுந்திருக்கிறதா என்று 'செட்டிங்ஸ்' பகுதியில் இன்றே பாருங்கள். எஸ்.எஸ்.டி.க்குள்ளேயே பூட்டு வசதி இருக்கிறது என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பியிராதீர்கள். நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார் 2018-ஆம் ஆண்டில், புகழ்பெற்ற நிறுவனங்களின் சில எஸ்.எஸ்.டி.க்களில் அத்தகைய பூட்டைக் கடவுச்சொல் இல்லாமலே திறக்க முடிவதை மெய்ப்பித்துக் காட்டினர்.

காலம் கடந்து பூட்டுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூட்டுவதற்கு முன் எழுதிய தாள்கள் பரணில் வெற்றெழுத்தாகவே கிடக்கக்கூடும். பிட்லாக்கர், 'பயன்படுத்திய பகுதியை மட்டுமா, முழுவதையுமா?' என்று கேட்கும். ஏற்கனவே புழங்கிய கணிப்பொறியாயின் 'முழுவதையும்' என்பதையே தேர்ந்தெடுங்கள். அப்போதும் பரண் முழுதாகச் சுத்தமாயிற்று என்று உறுதி கூற முடியாது. முதல் நாளே பூட்டியிருந்தால் இந்த ஐயத்திற்கே இடமில்லை.

பூட்டியபோது ஒரு நீண்ட எண் கொடுக்கப்படும். அது மீட்புச் சாவி. அதனைக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். இதில் அசட்டை செய்தால் கள்வனுக்கு முன்னால் நீங்களே வெளியே நிற்பீர்கள். என் நண்பர் ஒருவர் தம் தாயாரின் படங்கள் அனைத்தையும் இப்படித்தான் இழந்தார். பூட்டின் குற்றமன்று அது. ஆயினும் அவரிடம் போய் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரிய இடத்துப் பிழை

நாம்தான் விவரமறியாதவர்கள் என்று நொந்துகொள்ள வேண்டியதில்லை. அமெரிக்காவின் பெரும் நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லி, தன் பழைய கணிப்பொறிகளை அப்புறப்படுத்தும் பணியை, தகவல் அழிப்பில் முன்அனுபவமே இல்லாத, சாமான்களை இடம் மாற்றும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அவற்றுள் சில வாடிக்கையாளர் விவரங்களோடு இணைய ஏலத்தில் விலைபோயின. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களின் விவரங்களைக் காக்கத் தவறியதற்காக, 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் மூன்றரைக் கோடி டாலர் அபராதம் விதித்தது. அதில் என்னை மிகவும் உறுத்திய செய்தி வேறு. அப்புறப்படுத்திய கருவிகள் சிலவற்றில் பூட்டும் வசதி முன்பே இருந்திருக்கிறது. அதனைப் பல ஆண்டுகளாக யாரும் இயக்கவே இல்லை!

அதற்கும் இருபது ஆண்டுகள் முன்னால், சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்னும் இருவர் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிப் பார்த்தனர். வேலை செய்த 129-இல் முறையாக அழிக்கப்பட்டவை பன்னிரண்டே. மற்றவற்றில் மருத்துவக் கடிதங்கள், காதல் கடிதங்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள். மனிதர்கள் அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

கைமாற்றும் நாளில் செய்ய வேண்டியவை

இனி வேலைக்கு வருவோம். 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தன் பொது ஆதரவை நிறுத்திவிட்டது. அதனால் பழைய கணிப்பொறிகள் கைமாறுவது இப்போது மிகுதியாகியிருக்கிறது.

முதலில் வேண்டியவற்றைப் பிரதி எடுங்கள்; ஓரிடத்தில் அன்று, ஈரிடத்தில். எடுத்த பிரதி திறக்கிறதா என்றும் பாருங்கள். கணக்குகள் அனைத்திலிருந்தும் வெளியேறுங்கள். எஸ்.எஸ்.டி.யை என்னைப் போல் கழற்றாமல், கணிப்பொறியிலேயே வைத்து, விண்டோஸின் 'ரீசெட்' வசதியில் 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதைத் தேர்ந்து, அதன் உட்பிரிவில் உள்ள 'கிளீன் டேட்டா' என்பதையும் இயக்குங்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். முன்பே பூட்டிய கணிப்பொறியாயின் இவ்வளவும் உபரிக் காப்பு. பூட்டாததாயின் இது மட்டும் போதாது. எஸ்.எஸ்.டி. தயாரித்த நிறுவனத்தின் சொந்த மென்பொருளைக் கொண்டு 'செக்யூர் எரேஸ்' அல்லது 'சானிடைஸ்' கட்டளையையும் கொடுக்க வேண்டும். சாம்சங்கிற்கு 'மெஜிஷியன்', க்ரூஷியலுக்கு 'ஸ்டோரேஜ் எக்ஸிகியூட்டிவ்'. சில லேப்டாப்களில் தொடக்கத் திரைப் பட்டியலிலேயே இவ்வசதி உண்டு. கணிப்பொறியில் இரண்டு வட்டுகள் இருந்தால், அழிக்க வேண்டியது எது என்பதை இருமுறை பாருங்கள். தவறான வட்டுக்கு இக்கட்டளையைக் கொடுத்துவிட்டால் கடைக்காரத் தம்பியாலும் மீட்க முடியாது!

இறந்துபோன எஸ்.எஸ்.டி.தான் பெருந்தொல்லை. அது கட்டளைக்குச் செவிசாய்க்காது. ஆனால் சில்லுகளில் எழுத்து இருக்கும். உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் புதியது கிடைக்கும் என்று ஆசையாக இருக்கும். அதற்குப் பழையதை அனுப்பியாக வேண்டும். பூட்டியிருந்தால் தயங்காமல் அனுப்பலாம். பூட்டாததாயின், புதிய எஸ்.எஸ்.டி.யின் விலை பெரிதா, உள்ளிருப்பது பெரிதா என்று வீட்டாரோடு கலந்து முடிவு செய்யுங்கள். அனுப்புவதில்லை என்று தீர்மானித்தால், உறையைத் திறந்து, பலகையின் மேலுள்ள கறுப்புச் சில்லுகள் ஒவ்வொன்றையும் சுத்தியலால் தூளாக்குங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். நடுவில் ஓர் ஓட்டை போட்டால் போதும் என்பார்கள். ஓட்டைக்குத் தப்பிய சில்லில் எழுத்து தப்பியிருக்கும். அடுப்பில் போட்டு எரிப்பது கூடவே கூடாது. அந்தப் புகை நஞ்சு.

எஞ்சியதைக் காயலான் கடையில் போடலாமா? (காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் இது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பழம்பொருளுக்கு மதிப்புக் கண்ட சாமர்த்தியத்தை நாம் குறைத்துப் பேசலாகாது.) 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டியவை. புதியது வாங்கும்போது பழையதைப் பெற்றுக்கொள்கிறார்களா என்று கடையில் கேளுங்கள்.

2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் நம் வீடுகளில் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றுக்கு வேகம் வேண்டிப் பின்னால் எஸ்.எஸ்.டி. மாட்டியிருப்பீர்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க் எங்கே? பீரோவிலா, பழுது பார்த்த கடையிலா? எண்ணிப் பாருங்கள்.

கைபேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இரு ஆய்வாளர்கள், பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகள் கொண்ட 21 கைபேசிகளை 'ஃபாக்டரி ரீசெட்' செய்த பின்னும் தகவல்களை மீட்டுக் காட்டினர். இன்றைய கைபேசிகள் பிறந்தது முதலே பூட்டியவை; ஆகவே அவற்றில் 'ரீசெட்' என்பது சாவியை எரிப்பதே. மிகப் பழைய கைபேசியை மட்டும் எவரிடமும் கொடுக்காதிருப்பது நலம்.

நம் வீட்டில் மட்டுமா?

நம் படங்களும் சான்றுகளும் நம் கணிப்பொறியில் மட்டும் இருக்கவில்லை. ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி அச்செடுக்கிறோம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அவருடைய கணிப்பொறியும் ஒருநாள் பழையதாகும். அச்செடுத்த கையோடு, "தம்பி, அழிச்சிடுங்க" என்று நின்று பார்த்துவிட்டு வருவது நம் வழக்கம். அவ்வழக்கத்தின் பயன் எவ்வளவு என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். பூட்டியிருக்கிறீர்களா என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. கேட்டால் முதலில் விழிப்பார்; பத்துப் பேர் கேட்டால் பூட்டுவார்.

ஜமாஅத் அலுவலகங்களிலும் இப்போது கணிப்பொறி வந்துவிட்டது. அதில் என்னென்ன இருக்கின்றன? நிக்காஹ் பதிவுகள், குடும்பத் தகராறுகளில் இரு தரப்பாரும் எழுதிக் கொடுத்தவை, பிரிவினை ஓலைகள், உதவி கேட்டு விதவைகளும் நோயாளிகளும் கொடுத்த விண்ணப்பங்கள். இன்னாருக்கு இன்ன உதவி என்பது வலக்கைக்குத் தெரிந்து இடக்கைக்குத் தெரியாமல் கொடுக்கப்பட்டது. அது ஐந்நூறு ரூபாய்க்கு விற்ற ஓர் எஸ்.எஸ்.டி.யில் கடைத்தெருவுக்குப் போகலாமா? மக்கள் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அல்லவா அது!

எனக்கு நேர்ந்ததை எங்கள் பகுதி ஜமாஅத்தார் சிலரிடம் கூறினேன். இரு வாரங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகைக்குப் பின் அலுவலகக் கணிப்பொறியைத் திறந்து பார்த்தோம். பூட்டு இல்லை. ஐந்தாண்டுப் பதிவுகள் வெற்றெழுத்தாகவே இருந்தன. அன்றே பிட்லாக்கரை இயக்கி, 'முழுவதையும்' என்று கொடுத்தோம். அஸர் தொழுது வந்து பார்த்தபோது முக்கால் பங்கு முடிந்திருந்தது. பழையவை பரணில் இருக்கக்கூடும் என்பதால், இந்த எஸ்.எஸ்.டி.யை மட்டும் என்றைக்கும் விற்பதில்லை, வேலை முடிந்ததும் தூளாக்குவது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

மீட்புச் சாவி எழுதிய தாளை எங்கே வைப்பது என்பதில்தான் பேச்சு நீண்டுவிட்டது. நிக்காஹ் தஃப்தர் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைக்கலாம் என்றார் ஒருவர். கணிப்பொறியும் பெட்டியும் ஒரே அறையில் இருக்கின்றனவே, திருடன் இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வீர்கள் என்றார் மற்றொருவர். செயலாளர் வீட்டில் ஒரு பிரதி, முத்தவல்லி வீட்டில் ஒரு பிரதி என்பது மூன்றாமவரின் யோசனை. பொறுப்பு மாறும்போது தாளும் கைமாற வேண்டுமே, அதை யார் நினைவில் வைத்திருப்பது என்று கேட்டார் வயதில் மூத்தவர். வரும் வெள்ளிக்கிழமை முடிவு செய்யப் போகிறார்கள். அதுவரை அத்தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது.